ஃபார்வர்டா, ஆப்ஷனா, டாலர் கடனா: ஒரு பனியன் ஆர்டரின் கணக்கு

திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனம் 1,00,000 டாலருக்கு ஆர்டர் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நூல், சாயம், தையல் கூலி, லாரி வாடகை எல்லாம் சேர்ந்து 80 லட்சம் ரூபாய் செலவு. டாலர் 85 ரூபாயாக இருந்தால் 5 லட்சம் மிஞ்சும். பணம் வர மூன்று மாதம் ஆகும். அதற்குள் டாலர் 83 ரூபாய்க்கு இறங்கிவிட்டால், சரக்கில் ஒரு குறையும் இல்லாமலே லாபத்தில் 2 லட்சம் கரைந்துவிடும்.

இதற்கு முதல் மருந்து ஃபார்வர்ட் ஒப்பந்தம். மூன்று மாதம் கழித்து வரப்போகும் டாலரை இன்ன விலைக்குத் தருகிறேன் என்று வங்கியிடம் இன்றே எழுதிக் கொடுப்பது. அந்த விலை, ரூபாய் எங்கே போகும் என்ற வங்கியின் கணிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இரு நாட்டு வட்டி வித்தியாசத்திலிருந்து வருவது அது. இங்கே வட்டி ஆண்டுக்கு 6.5 சதவீதம், அமெரிக்காவில் 4.5 சதவீதம் என்றால் மூன்று மாதத்துக்கு வித்தியாசம் அரை சதவீதம். 85 ரூபாயில் சுமார் 42 காசு. ஆக, ஏற்றுமதியாளருக்கு, வங்கி தன் லாபமாகப் பிடித்துக்கொள்ளும் கழிவு போக 85.42 ரூபாயை ஒட்டிய விலை கிடைக்கும். அவருக்கு வரவாகும் இந்த 42 காசுக்கு ஃபார்வர்ட் பிரீமியம் என்று பெயர். அதுவே டாலர் வாங்க வேண்டிய இறக்குமதியாளருக்குச் செலவு. இறக்குமதியாளர்கள் ஃபார்வர்ட் போடத் தயங்குவதற்கும் ஏற்றுமதியாளர்கள் முந்திக்கொள்வதற்கும் இதுவே பெரிய காரணம்.

டாலர் 88 ரூபாய்க்கு ஏறினாலும் 85.42தான் கிடைக்கும். அதற்காக வருந்துவதில் எனக்கு உடன்பாடில்லை. லாபத்தைக் கணக்கிட்டுத்தானே ஆர்டரை ஏற்றோம். உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. வாங்குபவர் ஆர்டரை ரத்து செய்துவிட்டால் டாலர் வராது, ஆனால் வங்கிக்குக் கொடுத்த வாக்கு நிற்கும். 88 ரூபாய்க்கு டாலர் வாங்கி 85.42க்குக் கொடுத்தாக வேண்டும். சரக்கே போகாத ஆர்டரில் 2,58,000 ரூபாய் நஷ்டம்.

அந்த இடத்தில்தான் ஆப்ஷன் உதவுகிறது. 85 ரூபாய்க்கு விற்கும் உரிமையை டாலருக்கு 60 காசு கட்டணம் கொடுத்து வாங்குகிறோம் என்போம். இந்தக் கட்டணத்தையும் பிரீமியம் என்றுதான் சொல்வார்கள். டாலர் இறங்கினால் 85க்கு விற்கலாம். ஏறினால் சந்தை விலைக்கே விற்கலாம். ஆர்டர் ரத்தானால் போவது அந்த 60,000 ரூபாய் மட்டும். ஆனால் 5 லட்ச லாபத்தில் 60,000 என்பது எட்டில் ஒரு பங்குக்கு அருகில். சின்ன முதலாளிக்கு மனம் வருவதில்லை.

அந்தத் தயக்கத்தை வைத்துத்தான் 2007இல் ஒரு பெரிய வியாபாரம் நடந்தது. அந்த ஆண்டு டாலர் 44 ரூபாயிலிருந்து 39 ரூபாய் அளவுக்கு இறங்கியது. ஏற்றுமதியாளர்கள் கலங்கிப் போயிருந்தார்கள். அப்போது, 'பிரீமியமே இல்லை' என்ற பெயரில் சிக்கலான கூட்டு ஒப்பந்தங்கள் வந்தன. சந்தை ஒரு பக்கம் போனால் சிறு ஆதாயம். மறுபக்கம் போனால் இரண்டு மடங்கு டாலரை விற்றாக வேண்டும் என்ற வகையிலும் அவற்றில் சில இருந்தன. டாலரில் மட்டுமே சம்பாதிக்கும் நிறுவனங்கள்கூட சுவிஸ் ஃபிராங்க், யென் ஆகியவற்றின் ஏற்ற இறக்கத்தில் கட்டுண்டன. 2008 இறுதிக்குள் டாலர் 50 ரூபாயைத் தொட்டது. திருப்பூர், கோவை நிறுவனங்கள் பல நீதிமன்றப் படியேறின. 2011 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி 19 வங்கிகளுக்கு அபராதம் விதித்தது. அதற்குள் பல குடும்பங்களின் சேமிப்பு போய்விட்டிருந்தது. இன்றும் அதை நினைத்தால் மனம் கனக்கிறது. பிரீமியம் கேட்காத ஆப்ஷனில், நாம்தான் வங்கிக்கு வேறொரு ஆப்ஷனை விற்றிருக்கிறோம். அந்த விற்பனையின் எல்லை எங்கே என்று தெரியாமல் கையெழுத்திடக் கூடாது.

மூன்றாவது வழி டாலரிலேயே பேக்கிங் கிரெடிட், அதாவது சரக்கு தயாரிக்க ஏற்றுமதிக்கு முன் வங்கி தரும் கடன், வாங்குவது. கடனாக வரும் டாலரை இன்றைய 85க்கு மாற்றி நூல் வாங்கலாம். பில் பணம் வந்ததும் டாலராகவே கடன் அடையும். 42 காசு பிரீமியம் கிடைக்காது; ஆனால் டாலர் வட்டி குறைவு என்பதால் ஏறத்தாழ அதே தொகை வட்டியில் மிச்சமாகும். நடைமுறை மூலதனம் தேவைப்படும் நிறுவனத்துக்கு என் முதல் பரிந்துரை இதுதான். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். இந்தக் கடனால் ஏற்கெனவே விற்றுவிட்ட டாலருக்கே ஃபார்வர்டும் போட்டால், ஒரே டாலரை இரண்டு முறை விற்றதாகிவிடும். கடனில் அடங்காத மீதிக்கு மட்டும்தான் ஃபார்வர்ட்.

பங்குச் சந்தையில் 2008 ஆகஸ்ட் முதல் 1,000 டாலர் அளவிலான ஃபியூச்சர்ஸ் இருக்கிறது. ஃபார்வர்ட் போலவே பின்னொரு நாளுக்கான விலையை இன்றே பூட்டும் ஒப்பந்தம், ஆனால் வங்கியிடம் அல்லாமல் சந்தையில் வாங்கி விற்பது. விலை வெளிப்படையானது, சிறு தொகைக்கும் வழி உண்டு. ஆனால் நஷ்டத்தை அன்றன்றைக்கே கட்ட வேண்டும். சனிக்கிழமை கூலி போட வைத்திருக்கும் பணத்தில் அது கைவைக்கும். உண்மையான வரவோ செலவோ இல்லாதவர்கள் இதில் வரக் கூடாது என்று 2024இல் ரிசர்வ் வங்கி அழுத்திச் சொன்ன பிறகு, வணிகமும் வெகுவாக மெலிந்துவிட்டது.

எதையும் செய்யாமல் இருப்போரும் உண்டு. 2013 மே மாதம் 54 ரூபாய் அளவில் இருந்த டாலர், ஆகஸ்ட் 28 அன்று 68.80ஐத் தாண்டியது. சும்மா இருந்தவர்கள் அன்று கொழித்தார்கள். அதே ஆட்கள் 2007இலும் சும்மா இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

எனவே ரூபாய் எங்கே போகும் என்பதை விட்டுவிட்டு, ஆர்டர் எவ்வளவு உறுதி என்று பார்ப்பேன். சரக்கு கப்பலேறி பில் கையில் இருந்தால், டாலர் கடன் போக மீதி முழுவதற்கும் ஃபார்வர்ட். வாங்குபவரின் வங்கி பணத்துக்கு உறுதி தரும் எல்.சி. (கடன் உறுதிக் கடிதம்) வந்து தையல் நடக்கிறது என்றால் மூன்றில் இரண்டு பங்குக்கு. பேச்சளவில் நிற்கும் ஆர்டருக்கு ஃபார்வர்ட் கூடவே கூடாது, வேண்டுமானால் ஆப்ஷன். சரக்கு தாமதமாகலாம் என்றால், ஒரே தேதியாக இல்லாமல் ஒரு மாத இடைவெளிக்குள் எப்போது வேண்டுமானாலும் டாலர் கொடுக்கும்படி ஃபார்வர்ட் கேட்கலாம். பிரீமியம் சற்றுக் குறையும், அவ்வளவுதான்.

வங்கி ஒரே விலையாகச் சொன்னால் ஏற்க வேண்டாம். சந்தை விலை, பிரீமியம், வங்கியின் கழிவு மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். 2019இல் கிளியரிங் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா தொடங்கிய, வங்கி வாடிக்கையாளர்கள் டாலர் வாங்கி விற்கும் எஃப்எக்ஸ்-ரீடெய்ல் இணையத் தளத்தில் சந்தை விலையை நீங்களே பார்க்கலாம். கழிவில் 10 காசு குறைந்தாலும் இந்த ஒரு ஆர்டரில் 10,000 ரூபாய்.