வெந்தயத்தை விடாமல் சாப்பிட்டு வந்ததில் தெரிந்தவை

வெந்தயத்தை இரவில் ஊறவைத்து, காலையில் தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு விதையைக் கொட்டிவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. நல்லதில் பெரும்பகுதி அந்த விதையில்தான் இருக்கிறது. சில வருடங்களாகத் தொடர்ந்து சாப்பிட்டு வருகிறவன் என்ற முறையில் முதலில் இதைச் சொல்லிவிடத் தோன்றுகிறது.

நான் ஆரம்பித்தது சர்க்கரைக்காக. வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 முதல் 125 வரை, அல்லது ஹெச்பிஏ1சி (ரத்தச் சிவப்பணுவில் ஒட்டியிருக்கும் சர்க்கரையைக் காட்டும் பரிசோதனை) 5.7 முதல் 6.4 சதவீதம் வரை இருந்தால் அதை நீரிழிவுக்கு முந்தைய நிலை என்பார்கள். நான் அந்த இடைவெளியில் நின்றுகொண்டிருந்தேன். மாத்திரை இப்போதைக்கு வேண்டாம், சாப்பாட்டையும் நடையையும் கவனியுங்கள் என்றார் மருத்துவர். வெந்தயம் சேர்த்துக்கொள்ளலாமா என்று அவரிடமே கேட்டுக்கொண்டுதான் தொடங்கினேன்.

மாற்றம் முதலில் தெரிந்தது சர்க்கரையில் இல்லை, வயிற்றில். ஆரம்ப வாரங்களில் வாய்வும் உப்புசமும் இருந்தன. கால் ஸ்பூன், அரை ஸ்பூன் என்று மெதுவாகக் கூட்டி, தண்ணீரும் தாராளமாகக் குடித்ததில் அது அடங்கிவிட்டது. அதன் பிறகு நெடுநாள் மலச்சிக்கல் தொல்லை மறைந்தது. வேறு எந்தப் பலனும் கிடைக்காமல் இருந்திருந்தாலும் இதற்காகவே நான் வெந்தயத்தை விட்டிருக்க மாட்டேன்.

காரணம் நார்ச்சத்து. 100 கிராம் வெந்தயத்தில் சுமார் 25 கிராம் நார், 23 கிராம் புரதம். அந்த நாரில் நல்ல பங்கு காலக்டோமன்னன் என்ற கரையும் நார். ஊறிய வெந்தயத்தைத் தொட்டால் கொழகொழவென்று இருக்கிறதே, அது இதுதான். வயிற்றுக்குள் போனதும் உணவோடு கலந்து கெட்டியான கூழாகி, உணவு குடலுக்கு இறங்குவதையும் சர்க்கரை ரத்தத்தில் சேர்வதையும் தாமதப்படுத்துகிறது. அப்படியென்றால் உணவோடு சேர்ந்து போனால்தான் அதற்கு முழு வேலை. விடிகாலையில் வெந்தயம், மூன்று மணி நேரம் கழித்துச் சாப்பாடு என்றால் இரண்டும் சந்திப்பது சந்தேகமே. நான் ஊறிய விதைகளைச் சாப்பாட்டுக்குச் சற்று முன்பு மென்று தின்கிறேன். சில நாள் பொடியாக, தயிரில் கலந்து.

வீட்டில் குளுக்கோமீட்டர் இருப்பதால் ஒன்றைச் சோதித்துப் பார்க்க முடிந்தது. ஒரே மாதிரியான சாப்பாடு, ஒருநாள் வெந்தயத்தோடு, ஒருநாள் அது இல்லாமல். பல தடவை பார்த்துவிட்டேன், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் அளவு வெந்தயம் சேர்த்த நாட்களில் பெரும்பாலும் குறைவாகவே இருக்கிறது. வெறும் வயிற்று அளவு அவ்வளவாக அசையவில்லை. ஹெச்பிஏ1சி மெதுவாக இறங்கியது. ஆனால் அதே காலத்தில் தினமும் நடந்தேன், இனிப்பையும் குறைத்தேன், அதனால் அந்த இறக்கத்தை முழுக்க வெந்தயத்தின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை. ஒரு வாரம் சாப்பிட்டுவிட்டு ஹெச்பிஏ1சி எடுத்துப் பார்ப்பதிலும் பயனில்லை. சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள், அந்தப் பரிசோதனை காட்டுவது கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியை.

அளவைப் பற்றிப் பலரும் பேசுவதில்லை. ஒரு டீஸ்பூன் வெந்தயம் நாலு கிராம்கூட வராது, அதில் நார் ஒரு கிராம் அளவுதான். ஆய்வுகளில் கொடுத்தது இதைவிட மிக அதிகம். ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் நடந்து 1990இல் வெளியான ஆய்வில், முதல் வகை நீரிழிவு உள்ளவர்களுக்குக் கொழுப்பு நீக்கிய வெந்தயப் பொடியை நாளுக்கு 100 கிராம் உணவில் சேர்த்துக் கொடுத்தார்கள். சிறுநீரில் வெளியேறும் சர்க்கரை 54 சதவீதம் குறைந்தது. கேட்க அருமையாக இருக்கிறது, ஆனால் 100 கிராம் என்பது வீட்டில் நடக்கிற காரியமில்லை. என் அளவு நாளுக்கு இரண்டு டீஸ்பூன், அதற்குத் தக்க பலனையே எதிர்பார்க்கிறேன். இரும்புச்சத்து விஷயமும் இப்படித்தான். 100 கிராமில் 33 மில்லிகிராம் இருப்பது உண்மை, ஆனால் ஒரு டீஸ்பூனில் கிடைப்பது சுமார் ஒரு மில்லிகிராம். தாவர இரும்பை உடல் குறைவாகவே உறிஞ்சும் என்பதால் ரத்தசோகைக்கு வெந்தயத்தை மட்டும் நம்பக் கூடாது.

கசப்பு பழகிவிடும். பழகாதவர்கள் முளைகட்டிச் சாப்பிடலாம், கசப்பு நன்றாகக் குறைகிறது. பொடிக்கு வறுப்பதென்றால் லேசாக வாசனை வந்ததும் இறக்கிவிடுங்கள், கருகினால் வாயில் வைக்க முடியாது. தலைக்கு அரைத்துத் தேய்த்தும் பார்த்தேன். முடி மிருதுவாகிறது, உதிர்வதில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. வியர்வையிலும் சிறுநீரிலும் ஒரு இனிப்பு வாசனை வரும், அது சோடோலோன் என்ற பொருளால் வருவது, பயப்பட வேண்டாம்.

யோசிக்க வேண்டியவர்களும் இருக்கிறார்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு அளவு மிகவும் இறங்கிவிடலாம், அதற்காக மருந்தைத் தாங்களாகக் குறைக்கவும் கூடாது. வார்ஃபரின் போன்ற ரத்த உறைவைத் தடுக்கும் மருந்து எடுப்பவர்களுக்கு ரத்தக்கசிவு ஆபத்து கூடலாம். கர்ப்பிணிகள் சமையலில் சேரும் அளவுக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. நிலக்கடலை, கொண்டைக்கடலை ஒவ்வாதவர்களுக்கு இதுவும் ஒவ்வாமல் போகலாம், எல்லாம் ஒரே பயறுக் குடும்பம். வேறு மாத்திரைகள் இருந்தால் வெந்தயத்துக்கும் அவற்றுக்கும் நடுவே ஓரிரு மணி நேரம் விடுங்கள், அந்தக் கொழகொழப்பு மருந்து உறிஞ்சப்படுவதையும் தாமதப்படுத்தக்கூடும். நான் மருத்துவரிடம் போகும்போது, சாப்பிடும் மருந்துகளை எழுதித் தருகிற தாளில் வெந்தயத்தையும் அளவோடு எழுதிக் கொடுக்கிறேன்.