சேகோவுக்கு எந்தச் சாம்பல்?

ஏற்காட்டுக் காப்பித்தூளுக்குச் சாம்பல் பார்ப்பது, அதாவது எரித்தபின் மிஞ்சும் தாதுக்களை எடைபோடுவது, சுலபம். விதிப்படி 3 முதல் 6 சதவீதம் வரை இருக்கலாம். 2 கிராம் எரித்தாலே தராசில் நன்றாகத் தெரியும். ஆத்தூர்ப் பக்கத்துச் சேகோ, அதாவது ஜவ்வரிசி, வந்தால்தான் கை நடுங்கும். ஈரம் கழித்த கணக்கில் 0.4 சதவீதம்தான் உச்சம். 12 சதவீத ஈரமுள்ள சேகோவில் 2 கிராம் எரித்தால், உச்சத்தில் இருந்தாலும் மிஞ்சுவது 7 மில்லிகிராம். எரிக்கும் கிண்ணமான க்ரூசிபிளில் விரல் பட்டாலே கணக்கு மாறிவிடும். நான் 10 கிராமுக்குக் குறைத்து எடுப்பதில்லை.

எரிப்பதற்கு 550 டிகிரியா, 900 டிகிரியா? அவசரக்காரர்களுக்கு 900 பிடிக்கும், கரி சீக்கிரம் போய்விடும். ஆனால் சாம்பலில் உள்ள பொட்டாசியம் குளோரைடும் கொஞ்சம் ஆவியாகப் போய்விடும். அதைவிட மோசம், யாராவது சுண்ணாம்புத்தூள் (கால்சியம் கார்பனேட்) கலந்திருந்தால், அந்தச் சூட்டில் அது கரியமில வாயுவை விட்டு எடையில் 44 சதவீதம் இழக்கும். கலப்படம் பாதியாகத்தான் தெரியும். 550-இல் அது பெரும்பாலும் அப்படியே நிற்கும்.

550-இல் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். ஜவ்வரிசியை நேராக ஃபர்னஸ் சூளையில் வைத்தால் பொங்கி, கருத்த ஓடு கட்டிக்கொள்ளும். உள்ளே கரி மாட்டிக்கொள்ளும். முதலில் ஹாட் பிளேட்டில் புகை அடங்கும்வரை கருக்க வேண்டும். அப்புறமும் நடுவில் கறுப்பு தெரிந்தால், ஆறவிட்டு நாலு சொட்டுத் தண்ணீர், உலர்த்தி மறுபடி உள்ளே. கதவைப் படக்கென்று திறந்தால் சாம்பல் பறந்துவிடும்.

கந்தக அமிலம் சேர்த்து எரிக்கும் சல்பேட் முறையில் உப்புகள் ஆவியாகாது, எண் நிலையாக வரும். ஆனால் பொட்டாசியம் கார்பனேட் சல்பேட்டாக மாறும்போது எடை கால்பங்கு ஏறும். அந்த எண்ணை 0.4 வரம்போடு ஒப்பிட்டு ஒரு லாட்டைத் தள்ளுவது அநியாயம்.

சரி, மொத்தச் சாம்பல் போதுமா? களத்தில் காய்ந்த சேகோவில் மண் ஏறியதா என்று அது தனியாகச் சொல்லாது. சாம்பலை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கொதிக்கவிட்டு வடிகட்டினால் மணல் மட்டும் தாளில் நிற்கும், வரம்பு 0.1 சதவீதம். சுண்ணாம்பு இதில் கரைந்து தப்பிவிடும் என்பதால், மொத்தச் சாம்பல் கூடி, கரையாதது குறைவாக வந்தால் எனக்கு முதலில் சுண்ணாம்பு மேல்தான் சந்தேகம் வரும்.