ஹோல்மன்கோலனா, ஷாமோனியா?

ஸ்கீங்கிற பனிச்சறுக்குப் பலகைய கால்ல மாட்டிக்கிட்டு மேட்டுலேர்ந்து குதிக்கவும் வேணும், காட்டுப்பாதையில ஓடவும் வேணும், அந்த நார்டிக் கம்பைண்ட் போட்டியோட பழைய காலத்த பேசினா ரெண்டு இடந்தான் முதல்ல வரும்.

ஒண்ணு நார்வேல ஹோல்மன்கோலன். 1892ல முதல் போட்டி, ஜெயிச்சவர் ஸ்வெய்ன் சோலிட். அன்னிக்கு நீளமான குதி வெறும் 21.5 மீட்டர்தான், ஆனா ரெண்டும் தெரிஞ்சவந்தான் முழு ஸ்கீயர்னு அங்க ஊரே நம்புச்சு, அதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம்.

இன்னொண்ணு 1924, பிரான்ஸ்ல ஷாமோனி, முதல் குளிர்கால ஒலிம்பிக்ஸ். 18 கிலோமீட்டர் ஓட்டம் தனிப் பதக்கத்துக்கும் கணக்கு, கம்பைண்டுக்கும் கணக்கு, அது முடிஞ்சப்புறம் ஒரு நாள் விட்டுத்தான் குதி. நார்வேயோட தோர்லெய்ஃப் ஹாக் 18 கிலோமீட்டர், 50 கிலோமீட்டர், கம்பைண்ட்னு மூணு தங்கம்! கம்பைண்ட்ல முதல் நாலு இடமும் நார்வேக்கே.

பேரு உலகப் போட்டி, ஆனா 1936 வரைக்கும் ஒலிம்பிக் கம்பைண்ட்ல மூணு பதக்கமும் நார்வேதான் அள்ளிச்சு, 1948லதான் ஃபின்லாந்தோட ஹெய்க்கி ஹாசு தங்கத்த எடுத்தார். அதனால அந்தக் காலத்துக்கு என் ஓட்டு ஹோல்மன்கோலனுக்குத்தான், நார்வேக்காரங்கள நார்வேக்காரங்களே தோக்கடிக்கணும், அதவிடக் கஷ்டமான போட்டி அப்ப வேற எங்க இருந்துச்சு சொல்லுங்க.