கார் ஸ்டீரியோவை நாமே பொருத்துவதா, கடையில் கொடுப்பதா? சேதத்தை முன்வைத்து ஓர் அலசல்

காரில் புதிய ஸ்டீரியோவோ ஸ்பீக்கரோ பொருத்த நினைப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு கணக்குகளைத்தான் போட்டுப் பார்க்கிறார்கள்: எந்த வழியில் செலவு குறையும், எந்த வழியில் ஒலி நன்றாக அமையும். வேலையின் நடுவே காருக்கு ஏதேனும் கெடுதல் நேர்ந்தால் அது எப்படிப்பட்ட கெடுதல், அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியுமா, அந்தச் செலவு யார் தலையில் விழும் என்ற மூன்றாவது கணக்கு, டேஷ்போர்டைக் கழற்றிய பிறகுதான் நினைவுக்கு வருகிறது. அந்த மூன்றாவது கணக்கை மட்டும் வைத்துப் பார்த்தால் நம் முன் நான்கு வழிகள் இருக்கின்றன. காரின் கம்பிகளை வெட்டி நாமே இணைப்பது ஒன்று. அந்தக் காருக்கென்றே விற்கப்படும் கப்ளரை, அதாவது கம்பிகளை ஒன்றோடொன்று செருகி இணைக்கும் பிளாஸ்டிக் இணைப்பானை வாங்கி, எதையும் வெட்டாமல் நாமே செருகுவது இன்னொன்று. வெளியில் உள்ள துணைப்பொருள் கடையில் கொடுப்பதும், கார் வாங்கிய ஷோரூமிலேயே பொருத்திக்கொள்வதும் மற்ற இரண்டு.

முதல் வழியைப் பற்றி நல்லதாகச் சொல்ல அதிகம் இல்லை. சந்தையில் தனியாக விற்கும் ஸ்டீரியோக்களில் மஞ்சள் கம்பி எப்போதும் மின்சாரம் இருப்பதற்கும், சிவப்புக் கம்பி சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் வருவதற்கும், கறுப்பு எர்த்துக்கும், ஆரஞ்சு விளக்குக்கும் உரியவை என்று ஓரளவு பொதுவான வழக்கம் உண்டு. ஆனால் கார்த் தயாரிப்பாளர்கள் இந்த வழக்கத்தைப் பின்பற்றுவதில்லை. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு நிற ஒழுங்கை வைத்திருக்கிறது. ஆகவே நிறத்துக்கு நிறம் சேர்த்து முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றுபவர் உண்மையில் ஊகத்தின் மேல்தான் வேலை செய்கிறார். மஞ்சளும் சிவப்பும் இடம் மாறினால் வண்டியை நிறுத்தும்போதெல்லாம் ஸ்டீரியோவின் நினைவகம் அழியும்; இரண்டையும் ஒரே நிரந்தர இணைப்பில் சேர்த்தால் சில நாள்களில் பேட்டரி இறங்கும். இவை எரிச்சலூட்டுபவை மட்டுமே, காரைக் கெடுப்பவை அல்ல.

கெடுப்பவை வேறு. காருக்குள் விளக்கு எரியும்போது ஸ்டீரியோவின் பொத்தான்களும் ஒளிர வேண்டும் என்பதற்காக வரும் கம்பி, பல கார்களில் பின்பக்கச் சிவப்பு விளக்குகளின் பியூஸோடு சேர்ந்தே இருக்கிறது. அது ஒரு நொடி உலோகத்தில் உரசினாலும் அந்த பியூஸ் போய்விடும். பகலில் வேலையை முடித்தவருக்கு இது தெரிவதில்லை. இரவில் பின்விளக்கு இல்லாமல் நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருப்பதைப் பின்னால் வரும் லாரிக்காரர்தான் முதலில் கண்டுகொள்கிறார். அதைவிடப் பரவலான இன்னொரு பிழை, ஸ்பீக்கரின் எதிர்முனை (நெகட்டிவ்) கம்பிகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்துக் காரின் உடலோடு எர்த் செய்வது. மிகப் பழைய ரேடியோக்களில் இது நடைமுறையில் இருந்தது. இன்றைய ஸ்டீரியோக்களில் ஒவ்வொரு ஸ்பீக்கரின் இரு முனைகளையும் எதிரெதிர்த் திசையில் இரண்டு பெருக்கிகள் (ஆம்ப்ளிஃபயர்கள்) இயக்குகின்றன. இரண்டு முனைகளிலும் மின்வழங்கலில் ஏறக்குறையப் பாதி மின்னழுத்தம் எப்போதும் நிற்கும். அதில் ஒன்றை எர்த்தில் தொடவிட்டால் பெருக்கிச் சில்லுக்கு ஆபத்து. பாதுகாப்புச் சுற்று காப்பாற்றலாம், காப்பாற்றாமலும் போகலாம்.

இவ்வளவுக்கும் மேலாக, வெட்டிய கப்ளர் திரும்ப முளைப்பதில்லை. சித்திரை வெயிலில் மூடிக் கிடக்கும் காரின் டேஷ்போர்டுக்குப் பின்னால் டேப்பின் பசை இளகி, சுற்று தளர்ந்து, செம்பு வெளியே தெரிய ஆரம்பிக்கும். பொருத்திய அன்று சரியாக வேலை செய்த இணைப்பு ஓராண்டு கழித்துப் பழுதாவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

கப்ளர் வழியில் மின்சாரச் சேதம் ஏறக்குறைய இல்லாமல் போகிறது. ஐ.எஸ்.ஓ. 10487 என்ற தரப்படி அமைந்த கப்ளரில் மின்வழங்கலுக்கு ஒரு கட்டையும் நான்கு ஸ்பீக்கர்களுக்கு எட்டு ஊசிகள் கொண்ட இன்னொரு கட்டையும் தனித்தனியே இருக்கும். தவறான இடத்தில் செருக வழியில்லை. ஜப்பானிய, கொரிய நிறுவனங்களின் கார்களில் பெரும்பாலும் அவரவர் சொந்தக் கப்ளர் இருந்தாலும் அவற்றுக்கு ஏற்ற மாற்றுக் கப்ளர்கள் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன. ஒரே ஓர் எச்சரிக்கை: ஃபோக்ஸ்வாகன் போன்ற சில ஐரோப்பியக் கார்களில் நிரந்தர மின்சாரமும் சாவி மின்சாரமும் இடம் மாறி வருவதுண்டு. எனவே செருகுவதற்கு முன் மல்டிமீட்டரால் இரண்டு ஊசிகளையும் அளந்துவிடுவது நல்லது.

ஆனால் இந்த வழியிலும் சேதம் இருக்கிறது. அது மின்சாரத்திலிருந்து பிளாஸ்டிக்குக்கு இடம் மாறுகிறது. ஸ்க்ரூடிரைவரை வைத்து நெம்பினால் டேஷ்போர்டு விளிம்பில் ஏற்படும் வடு நிரந்தரமானது. அதற்கென விற்கும் நைலான் நெம்புகோல் தொகுப்பின் விலை ஸ்டீரியோ விலையில் மிகச் சிறு பங்குதான். கதவின் உள்பக்க மூடியான டோர் பேடைக் கழற்றும்போது கிளிப்புகள் சில உடைவது இயல்பு. அவற்றை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டால் அது சேதமே அல்ல. கிளிப் அமரும் காது, அதாவது டோர் பேடின் உடலோடு ஒன்றாக வார்க்கப்பட்ட பகுதி, உடைந்தால்தான் முழு டோர் பேடையும் மாற்ற வேண்டிவரும். கைப்பிடிக் குழிக்குள்ளும் சிறு மூடிகளுக்குப் பின்னாலும் ஒளிந்திருக்கும் திருகாணிகளைக் கழற்றாமல் இழுப்பவர்களுக்கே இது பெரும்பாலும் நேர்கிறது.

டோர் பேடுக்குப் பின்னால் ஒட்டப்பட்டிருக்கும் பிளாஸ்டிக் தாளை யாரும் பொருட்படுத்துவதில்லை என்பதால் அதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கதவுக் கண்ணாடியின் வெளிப்புறம் வழிந்து கதவுக்குள் இறங்கும் மழைநீர், கதவின் அடியில் உள்ள துளைகள் வழியாக வெளியேற வேண்டும் என்பதே வடிவமைப்பு. அந்த நீர் உள்பக்கம் வராமல் தடுப்பது அந்தத் தாள்தான். ஸ்பீக்கருக்கு வழி விடுவதற்காக அதைக் கத்தியால் கிழித்துவிட்டு அப்படியே மூடினால் கோடை முழுவதும் ஒன்றும் தெரியாது. ஐப்பசி மழையில் தரைவிரிப்பு நனையும், நாற்றம் எடுக்கும், அதன் அடியில் துரு பிடிக்கும். ஆறு மாதத்துக்கு முன் மாற்றிய ஸ்பீக்கருக்கும் இதற்கும் தொடர்பிருப்பதாக எவருக்கும் தோன்றாது. தாளின் ஓரத்தில் உள்ள கறுப்புப் பசையை மெதுவாகப் பிரித்து எடுத்து, வேலை முடிந்ததும் திரும்ப அழுத்தி ஒட்டுவதற்குக் கூடுதலாகச் சில நிமிடங்களே ஆகும். அதே இடத்தில் செய்ய வேண்டிய இன்னொரு சோதனை, கண்ணாடியை முழுவதும் இறக்கிவிட்டு ஸ்பீக்கரின் ஆழத்தை அளப்பது. காந்தம் பெரிதாக இருந்தால் இறங்கும் கண்ணாடி அதில் இடித்து உடையும்.

நாமே செய்யும் இரண்டு வழிகளுக்கும் பொதுவான ஆபத்து ஏர்பேக். இந்தியாவில் 2019 ஜூலை முதல் ஓட்டுநர் பக்க ஏர்பேக்கும், 2021 ஏப்ரல் முதல் புதிய மாடல்களில் முன்பயணி பக்க ஏர்பேக்கும் கட்டாயமாக்கப்பட்டதால், அண்மைக் காலக் கார் எதைத் திறந்தாலும் உள்ளே மஞ்சள் கப்ளர்களோ மஞ்சள் உறையிட்ட கம்பிகளோ கண்ணில் படும். அவற்றை மல்டிமீட்டரால்கூடத் தொடக்கூடாது. பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றி, கார்க் கையேடு சொல்லும் நேரம் காத்திருந்து வேலையைத் தொடங்குவதும், ஏதாவது ஒரு கப்ளர் கழன்றிருக்கும்போது சாவியைத் திருப்பாமல் இருப்பதும் கட்டாயம். திருப்பினால் எச்சரிக்கை விளக்கு எரிந்து நிலைத்துவிடக்கூடும். பிறகு கப்ளரைச் செருகினாலும் பல கார்களில் ஸ்கேனர் கருவி இல்லாமல் அது அணையாது. பக்கவாட்டுத் திரை ஏர்பேக் உள்ள கார்களில், முன்கண்ணாடியை ஒட்டிய தூணுக்குள் ட்வீட்டர் (உச்ச ஒலிக்கான சிறு ஸ்பீக்கர்) கம்பியை இழுக்கும் வேலையை நாமே செய்யாமல் விடுவதே மேல்.

இப்போது கடைக்கு வருவோம். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் வரிசையாக இருக்கும் துணைப்பொருள் கடைகளைப் போன்ற இடங்களில் வேலை செய்பவர், நாம் வாழ்நாளில் ஒருமுறை திறக்கும் டேஷ்போர்டை வாரத்துக்குப் பலமுறை திறக்கிறார். திருகாணி எங்கே ஒளிந்திருக்கிறது என்பது அவர் கைக்குத் தெரியும். பிளாஸ்டிக் சேதத்தைப் பொறுத்தவரை கடைதான் வெல்கிறது, இதில் ஐயமில்லை. ஆனால் கடையின் பலமாகிய வேகமே அதன் பலவீனமும் ஆகிறது. சரியான கப்ளர் அன்று கையிருப்பில் இல்லையென்றால் வெட்டி முறுக்குவது அங்கேயும் நடக்கிறது. பேனலை மூடியபின் அது நமக்குத் தெரியப்போவதில்லை. நாமே உடைத்தால் எதை உடைத்தோம் என்பதாவது தெரியும். கடையில் நேர்ந்தது டேஷ்போர்டுக்குப் பின்னால் மறைந்து, ஓராண்டு கழித்து வேறொரு எலக்ட்ரீசியனிடம் வெளிப்படுகிறது. அப்போது யாரைக் கேட்பது?

ஆகவே யார் செய்கிறார் என்பதைவிட வெட்டப்பட்டதா இல்லையா என்பதே பெரிய வேறுபாடு என்று கருதுகிறேன். வெட்டாமல் நிதானமாகச் செய்யும் வீட்டு வேலை, வெட்டி விரைவாக முடிக்கும் கடை வேலையைவிடப் பாதுகாப்பானது. கடைக்குப் போவதென்றால், மூல கப்ளர் வெட்டப்படவில்லை என்று பில்லில் எழுதித் தரச் சொல்லலாம். தயங்குபவரிடம் காரைக் கொடுக்க வேண்டியதில்லை. கிளம்புவதற்கு முன் ஹாரன், கண்ணாடிகள், சென்ட்ரல் லாக், பின்விளக்குகள், ஸ்டீரிங் பொத்தான்கள், ஏர்பேக் விளக்கு அனைத்தையும் அங்கேயே சோதிப்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

ஷோரூம் வழியில் விலை அதிகம், தேர்வு குறைவு. பல இடங்களில் வேலையைச் செய்பவரும் வெளியிலிருந்து வரும் ஃபிட்டர்தான். அங்கே நாம் கூடுதலாகக் கொடுக்கும் பணம் ஒலிக்காக அல்ல, பில்லுக்காக. மாற்றியமைப்பாலும் பிற துணைப்பொருள்களாலும் ஏற்படும் பழுதுகளுக்கு வாரண்டி பொருந்தாது என்பது வாரண்டிப் புத்தகங்களில் வழக்கமாகக் காணப்படும் விதி. வெட்டிய கம்பியைக் கண்ட சர்வீஸ் சென்டர், தொடர்பில்லாத மின்சாரப் பழுதுக்கும் அதையே காரணம் காட்ட இடமுண்டு. வாரண்டி முடியாத காருக்கு மட்டுமே இந்த வழி பொருளுடையது.

காப்பீட்டை நம்பி எந்த வழியையும் தேர்ந்தெடுக்க வேண்டாம். இந்திய வாகனக் காப்பீட்டின் பொதுவான வாசகப்படி தீ, வெடிப்பு, தானே தீப்பற்றுதல், புற விபத்து ஆகியவற்றால் நேரும் இழப்புகள் அடங்கும். இயந்திர, மின்சாரப் பழுதுகள் அடங்கா. நம் கைத்தவறால் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி கருகினால் அது இரண்டாவது வகையில் போய் விழும். காரே எரிந்தால் முதல் வகையில் வரும் என்றாலும், மதிப்பீட்டாளர் கேட்கும் கேள்விகளில் புதிய கம்பிகள் பற்றிய கேள்வியும் இருக்கும். பிற்பாடு பொருத்திய ஸ்டீரியோவுக்கு இழப்பீடு வேண்டுமானால் அதன் மதிப்பை ஐ.எம்.டி. 24 என்ற இணைப்பின்கீழ் தனியாக அறிவித்திருக்க வேண்டும்.

தனி ஆம்ப்ளிஃபயரும், தாழ்ந்த ஒலிக்கான பெரிய ஸ்பீக்கரான சப்வூஃபரும் சேரும்போது தீர்ப்பு மாறுகிறது. 500 வாட் தரும் ஒரு ஆம்ப்ளிஃபயர் 60 சதவீதத் திறனில் இயங்கினால், 13.8 வோல்ட்டில் அது இழுக்கும் மின்னோட்டம் ஏறக்குறைய 60 ஆம்பியர். அவ்வளவு மின்சாரத்தைத் தாங்கும் கம்பி பேட்டரியிலிருந்து, எஞ்சின் அறையையும் பயணிகள் பகுதியையும் பிரிக்கும் ஃபயர்வாலைக் கடந்து டிக்கி வரை போகிறது. பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் பியூஸ் இல்லையென்றால், வழியில் எங்காவது உறை தேய்ந்து உலோகத்தைத் தொடும் நாளில் அந்தக் கம்பியே அடுப்புச் சுருளாகிவிடும். செம்பு பூசிய அலுமினியக் கம்பியை முழுச் செம்பு என்று எண்ணி வாங்குவதும் இதே ஆபத்தைக் கூட்டும். துளையில் ரப்பர் புஷ் இல்லாமல் இழுப்பது, பெடல்களின் பாதையில் கம்பியைத் தொங்கவிடுவது, அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் தரையில் திருகாணி முடுக்குவது ஆகிய மூன்றும் இந்த வேலையில் உயிரோடு விளையாடுபவை. பெரும்பாலான சிறிய கார்களில் பெட்ரோல் டேங்க் பின் இருக்கைக்கு அடியில்தான் இருக்கிறது. இதை அனுபவமுள்ள கடையில், நாமும் அருகில் நின்று, பியூஸின் இடத்தைக் கண்ணால் பார்த்து முடிப்பதே சரி.

தொழிற்சாலையிலேயே தொடுதிரை பொருத்தி வரும் கார்களில் ஸ்டீரியோவையே மாற்றுவது எந்த வழியிலும் எனக்குச் சம்மதமில்லை. அவற்றில் பலவற்றில் ஏ.சி. கட்டுப்பாடோ பின்பக்கக் கேமராவோ அந்தத் திரையோடு பின்னிக் கிடக்கிறது. சில கார்களில் சாவி மின்சாரத்துக்குத் தனிக் கம்பியே இல்லை, காரின் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் தமக்குள் தகவல் பரிமாறும் கேன் வலையமைப்பு வழியாகத் தகவலாகத்தான் வருகிறது. அங்கே திரையை விட்டுவிட்டு, மூல கப்ளருக்கும் ஸ்டீரியோவுக்கும் இடையில் செருகும் சிறிய ஆம்ப்ளிஃபயரையும் நல்ல முன்பக்க ஸ்பீக்கர்களையும் சேர்த்தால், விற்கும்போது கழற்றிக்கொள்ளவும் முடியும்.

பழைய கார் வாங்கியவருக்கு இந்தத் தேர்வுகள் எல்லாம் ஏற்கனவே பறிபோயிருக்கலாம். முந்தைய உரிமையாளர் வெட்டிவிட்டிருப்பார். அந்த டேப் முடிச்சுகளின் மேல் இன்னொரு சுற்று டேப் போடாமல், கம்பி வால்களோடு விற்கும் கார்ப்பக்கக் கப்ளரை வாங்கி, ஒவ்வொரு கம்பியையும் அளந்து அடையாளம் கண்டு, சால்டர் செய்தோ கிரிம்ப் செய்தோ (உலோகக் குழலில் நெருக்கி இறுக்கியோ), சூடாக்கினால் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாயால் மூடிவிட்டால், அந்தக் கார் மீண்டும் இரண்டாவது வழிக்குத் தகுதி பெறும். இணைப்புகள் எல்லாம் ஒரே இடத்தில் குவியாதபடி ஒவ்வொரு கம்பியையும் வெவ்வேறு நீளத்தில் நறுக்கிக்கொண்டால், ஒன்றின் உறை கிழிந்தாலும் பக்கத்து இணைப்பைத் தொடாது.