உப்புத் தண்ணீரில் மஞ்சள் பார் சோப்பு: ஆறு வருட அனுபவம்

அம்பாசமுத்திரத்தில் இருந்தவரை, தாமிரபரணித் தண்ணீரில் மஞ்சள் பார் சோப்பை இரண்டு இழுப்பு இழுத்தாலே நுரை பொங்கும். தாம்பரம் பக்கம் குடிவந்த பிறகும் அதையே வாங்கினேன். இங்கே போர் தண்ணீர். கட்டி தேய்ந்ததே தவிர நுரை எழவில்லை. வாளியில் திரிந்த பால்போல வெள்ளைத் திப்பி மிதந்தது. ஆறே மாதத்தில் பள்ளிச் சட்டைகள் பழுப்பேறி, காய்ந்தால் அப்பளமாக விறைத்தன.

சோப்பைத் திட்டிப் பயனில்லை. அதன் மூலக்கூறுக்கு நீண்ட வால் ஒன்று, தலை ஒன்று. வாலுக்கு எண்ணெயோடுதான் ஒட்டு, தலைக்குத் தண்ணீரோடு. காலர் மடிப்பின் பிசுக்கில் வால்கள் புதைந்துகொள்ள, தலைகள் நீரைப் பார்த்து நிற்கும். கசக்கினால் பிசுக்கு துளித்துளியாகப் பிய்ந்து வரும். துளிகளைச் சுற்றிலும் ஒரே வகை மின்சுமை கொண்ட தலைகள் என்பதால் அவை ஒன்றையொன்று விலக்கி, மறுபடி சேராமல் அலசும் நீரோடு போய்விடும். உப்புத் தண்ணீரில் அதற்கு முன்பே கால்சியமும் மக்னீசியமும் தலையைப் பிடித்துக்கொண்டு சோப்பைக் கரையாத பொருளாக்கிவிடுகின்றன. அந்தத் திப்பிதான் துணியில் படிந்து விறைத்தது. காசு கொடுத்து வாங்கிய கட்டி, அழுக்கைத் தொடும் முன்பே தண்ணீருக்குப் படையலாகிறது.

எங்கள் தண்ணீரைச் சோதித்தபோது கடினத்தன்மை, அதாவது இந்தக் கால்சியம், மக்னீசியத்தின் அளவு, லிட்டருக்கு 720 மில்லிகிராம். இந்தியக் குடிநீர்த் தரநிலையில் ஏற்கத்தக்க அளவு 200. வேறு நீரே இல்லையென்றால் 600 வரை.

இரண்டாம் வருடம் டிடர்ஜென்ட் தூளுக்கு மாறினேன். அதில் பெரும்பாலும் தலையாக இருப்பது சல்ஃபோனேட். கால்சியத்திடம் அவ்வளவு எளிதில் சிக்காது. பழுப்பு ஏறுவது நின்றது. கையால் துவைத்தால் விரல் நுனி வறண்டு வெடிப்பது மட்டும் இன்றுவரை தீரவில்லை. கடையில் நீல நிறத்தில் வரும் கட்டிகளில் பலவும் சோப்பல்ல, டிடர்ஜென்ட்தான். உறையைப் படித்து வாங்குங்கள்.

ஆர்.ஓ. கருவியின் கழிவுநீரைத் துவைக்கப் பிடித்து வைக்கும் சிக்கனம் எங்கள் வீட்டிலும் இருந்தது. வடிகட்டியில் நின்ற உப்பெல்லாம் அதில்தானே சேர்கிறது! இப்போது அது வாசல் கழுவப் போகிறது.

பார் சோப்பை அடியோடு விட்டுவிடவில்லை. மொட்டை மாடியில் பிடித்த மழைநீர் ஒரு குவளை, காலருக்குக் கொஞ்சம் சோப்பு. ஊர் நுரை அப்படியே வருகிறது. சாம்பார் கறையில் தேய்த்தால் மஞ்சள் சட்டென்று சிவக்கும், பயப்பட வேண்டாம்: சோப்பின் காரத்தன்மை பட்ட மஞ்சளின் குணம் அது. நன்றாக அலசி வெயிலில் போட்டால் வெளுத்துவிடுகிறது.