கடிகாரமா, சென்சாரா? வாளையாறுக்கு இரண்டு பக்கமும் ஏசியை எதை நம்பி விடுவது

கோயம்புத்தூரிலிருந்து தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கும் வாளையாறு தாண்டி கஞ்சிக்கோடு, பாலக்காடு வரை, பெரிய ஏசி மாட்டுகிறவர்களிடம் கடைக்காரர்கள் சொல்வது ஒன்றுதான்: "ஆள் இல்லாதப்ப மிஷின் ஓடக் கூடாதுங்க, ஒரு சென்சார் போட்டு விட்டுருங்க." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் டக்டபிள் (குழாய் வழியாகக் காற்று அனுப்புவது), கேசட் (கூரையில் பதிப்பது), விஆர்எஃப் (ஒரே வெளி யூனிட்டில் பல அறைகள் ஓடுவது) மாதிரி யூனிட்டுகளைச் சென்சாரை மட்டும் நம்பி விட்டால் பில்லும் பெரிதாகக் குறையாது, உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்கும் நிம்மதி இருக்காது. மிஷினை எழுப்புவது நேர அட்டவணையின் வேலை, நடுவில் கொஞ்சம் அடக்கி வைப்பது சென்சாரின் வேலை. நான் யாருக்குச் சொன்னாலும் இதைத்தான் சொல்வேன்.

காலை ஒன்பதரைக்குத் திறக்கிற ஒரு ஜவுளிக்கடையை எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச், ஏப்ரலில் பாலக்காட்டில் வெயில் 40 டிகிரியைத் தொடும். ராத்திரி முழுக்க அடைத்துக் கிடந்த கட்டடத்தின் சுவரும் கான்கிரீட்டும் அந்தச் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். முதல் ஆள் உள்ளே வந்த பிறகுதான் சென்சார் மிஷினைக் கிளப்பும் என்றால், கடை 24 டிகிரிக்கு இறங்குவதற்குள் முதல் கூட்டம் புடவையைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். அட்டவணையில் முக்கால் மணி நேரம் முன்னால் ஆரம்பிக்கச் சொல்லி வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. நல்ல கன்ட்ரோலர்களில் 'ஆப்டிமம் ஸ்டார்ட்' இருக்கும். வெளிச்சூட்டையும் உள்சூட்டையும் பார்த்து எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று அதுவே கணக்குப் போட்டுக்கொள்ளும். எல்லையில் வேலை பார்க்கிறவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். எச்.டி. (உயர் அழுத்த) மின் இணைப்புக்குத் தமிழ்நாட்டில் காலையிலும் உச்சநேரக் கட்டணம் உண்டு, கேரளத்தில் சாயங்காலம் ஆறிலிருந்து பத்து வரைதான். அதனால் காலையில் முன்கூட்டியே குளிர வைப்பது பாலக்காட்டில் மலிவு, கோவையில் கொஞ்சம் கை கடிக்கும். கோவைக் கிளையின் அட்டவணையை அப்படியே பாலக்காட்டுக் கிளைக்கு காப்பி அடிப்பது இதனாலேயே தப்பு. ஓணம், பொங்கல், விஷு விடுமுறைகளையும் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாகத்தான் ஏற்ற வேண்டும்.

அட்டவணை தோற்கும் இடமும் இருக்கிறது. திடீரென்று ஹர்த்தால் அறிவித்தால் அதற்குத் தெரியாது, ஆளில்லாத கடையைச் சமர்த்தாகக் குளிர வைத்துக்கொண்டிருக்கும். அந்த நாளுக்காகத்தான் சென்சார் வேண்டும்.

சரி, ஆள் அசைவைப் பார்க்கிற பி.ஐ.ஆர். சென்சார். உடம்புச் சூட்டுக்கும் பின்னால் இருக்கும் சுவரின் சூட்டுக்கும் உள்ள வித்தியாசம் நகர்வதைத்தான் அது பிடிக்கிறது. அறையே 34, 35 டிகிரியில் காய்ந்து கிடந்தால் இரண்டுக்கும் வித்தியாசம் சுருங்கிவிடும், சென்சாருக்கும் கண் மங்கிவிடும். நம் ஊர் கோடையில் சென்சாரை நம்பி மிஷினை எழுப்பக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை. அப்புறம், கம்ப்யூட்டர் முன்னால் அசையாமல் கணக்கு எழுதுகிறவர் அதன் பார்வையில் இல்லாதவர். ஐந்து நிமிட டெலே வைத்தால் அவர் கையை ஆட்டி ஆட்டி ஏசியை எழுப்ப வேண்டியிருக்கும், கம்ப்ரசரும் அடிக்கடி நின்று கிளம்பித் தேயும். குறைந்தது இருபது நிமிடம் வையுங்கள். ஆள் இல்லை என்று தெரிந்ததும் மொத்தமாக அணைக்காமல் 24ஐ 27க்கு ஏற்றினால் போதும். ஒரு டிகிரி கூட்டினாலே சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்று மத்திய அரசின் எரிசக்தி சிக்கன அமைப்பான பி.இ.இ. சொல்கிறது, மூன்று டிகிரி என்பது சின்ன விஷயம் இல்லை. மீட்டிங் ரூம், மேனேஜர் அறை, லாட்ஜ் அறை ஆகிய இடங்களில் பி.ஐ.ஆர். நன்றாகவே உழைக்கும். லாட்ஜில் கதவு சென்சாரையும் சேர்த்து மாட்டுங்கள், இல்லாவிட்டால் தூங்குகிறவரை அது காலி அறை என்று எடுத்துக்கொள்ளும்.

கார்பன் டை ஆக்சைடு சென்சார் வேறு ரகம். வெளிக்காற்றில் அந்த வாயு சுமார் 420 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 420 பங்கு) இருக்கும், கூட்டம் சேர்ந்த ஹாலில் 1000க்கு மேல் ஏறும். அதைப் பார்த்து வெளிக்காற்றை உள்ளே விடுகிற டேம்பர் கதவைத் திறப்பதற்கு இது அருமையான கருவி. வெளிக்காற்று வழியே இல்லாத கேசட் யூனிட்டில் இதை மாட்டுவது வீண் செலவு, அது திறக்க அங்கே எதுவும் இல்லை. இன்னொன்று, பல சென்சார்கள் சில நாட்களில் பார்த்த மிகக் குறைந்த அளவையே வெளிக்காற்று என்று வைத்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும். 24 மணி நேரமும் ஆள் இருக்கிற ஆஸ்பத்திரி வார்டில் அந்த வசதியை அணைத்துவிட வேண்டும்.

கல்யாண மண்டபத்துக்கு வார அட்டவணை உதவாது. முகூர்த்தம் கிழமை பார்த்து வருவதில்லை. ஆடியிலும், ஏறக்குறைய அதே சமயத்தில் வருகிற மலையாளக் கர்க்கடகத்திலும் மண்டபம் காலியாகத்தான் கிடக்கும். புக்கிங் தேதிகளைத் தனிநாளாக ஏற்றிவிட்டு, மேனேஜர் கையில் அட்டவணையை மீறி மிஷினைக் கிளப்பி, இரண்டு மணி நேரத்தில் தானே அணைகிற ஓவர்ரைடு பட்டன் ஒன்றைக் கொடுப்பதுதான் சரி.

இதை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்: ரிட்டர்ன் ஏர் சென்சார், அதாவது அறையிலிருந்து மிஷினுக்குத் திரும்புகிற காற்றின் சூட்டைப் பார்ப்பது. அது ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே இருக்கிற யூனிட்டில், ராத்திரி ஃபேன் நின்றதும் அது அறையின் சூட்டைப் படிப்பதை விட்டு, மொட்டைமாடிக்குக் கீழே தேங்கிய சூட்டைப் படிக்க ஆரம்பிக்கும். கீழே 29 டிகிரி இருக்கும், அது 33 என்று காட்டும். ஆளில்லாத நேரத்துக்கு 30 என்று வைத்திருந்தால் நடுராத்திரியில் மிஷின் தானாகக் கிளம்பும். அட்டவணை கோளாறு என்று பழி விழும். சுவரில் ஒன்றரை மீட்டர் உயரத்தில், வெயில் படாத இடத்தில், தனி ரூம் சென்சார் மாட்டி, கன்ட்ரோலரில் அதையே பார்க்கச் சொல்லுங்கள். மாட்டும்போது அதற்குள் சூட்டை அளக்கிற தெர்மிஸ்டரின் வகையும் கன்ட்ரோலருக்குப் பொருந்த வேண்டும். 10கே (25 டிகிரியில் 10,000 ஓம் மின்தடை) வகையிலேயே இரண்டு மூன்று உண்டு, எல்லாமே 25 டிகிரியில் ஒரே மாதிரி காட்டும். அதனால் 25 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கிற அறையில் சோதித்தால் தவறு தெரியாது, அதைவிட்டுத் தள்ளிப் போகப் போகத்தான் விலகும்.

ஜூனில் மழை பிடித்துவிட்டால் கணக்கே மாறும். கோவை மழை மறைவில் காற்றாட இருக்கும்போது பாலக்காட்டுப் பக்கம் சுவரெல்லாம் ஈரம் கோக்கும். அங்கே ஆளில்லாத நேரத்தில் முழுசாக அணைத்துப் போட்டால் துணியில் பூஞ்சை வரும். ஈரப்பதம் 65 சதவீதம் தாண்டினால் கிளம்பு என்று ஒரு வரம்பு வையுங்கள். ஃபேனை 'ஆட்டோ'வில் விடுங்கள். 'ஆன்'இல் விட்டால் கம்ப்ரசர் நின்ற பிறகும் மிஷினுக்குள் குளிர வைக்கிற காயிலில் நிற்கிற தண்ணீரை அது திரும்ப அறைக்குள்ளேயே ஊதும்.

ஹீட்டிங் மோடை சமவெளியில் பூட்டியே வைக்கலாம். மூணாறு ரிசார்ட்டுகளுக்கு மட்டும் அது வேண்டும், ஆளில்லாத அறைக்கு 16 டிகிரி வைத்தால் போதும்.

எதைத் தேர்ந்தாலும் கன்ட்ரோலரின் பேட்டரியைப் பாருங்கள். கரன்ட் போய் வந்த பிறகு மணி சரியாக இருக்கிறதா என்று ஒரு தடவை மெயினை அணைத்துப் போட்டுச் சோதித்துவிட்டு அப்புறம் சாவியைக் கொடுங்கள்.