நிக்கான் அக்யூலான் 10×50 பைனாகுலர்: அம்மாச்சிக்கு மகம் காட்ட வாங்குனது

வானம் பாக்கணும்னா டெலஸ்கோப் தான் வாங்கணும்னு நெனைக்காதீங்க, மொதல்ல இந்த மாதிரி ஒரு பைனாகுலர் போதும். பத்து மடங்கு கிட்ட காட்டும், முன்னாடி கண்ணாடி 50 மில்லிமீட்டர், ஒரு பார்வைல ஆறரை டிகிரி வானம் தெரியும், அதாவது பதிமூணு முழு நிலாவ ஒரே வரிசையா அடுக்குற அகலம். கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்துல வெறுங்கண்ணுக்கு ஆறு தெரியுற எடத்துல இதுல டஜன் கணக்குல கொட்டிக் கெடக்கு. வெயிட் 900 கிராம், நின்னுக்கிட்டு பாத்தா கை ஆடும், சாய்வு நாற்காலில படுத்து முழங்கைய ஊனிக்கிட்டா சரியாயிடும். வாட்டர் ப்ரூஃப் இல்ல, நம்மூரு தை மாச பனில வெளில வெச்சிடாதீங்க.

நான் வாங்குனது அம்மாச்சிக்காக. திருத்துறைப்பூண்டி பக்கம் எங்க ஊரு. அம்மாச்சியோட அப்பா யுத்தத்துக்கு முன்னாடி நாகப்பட்டினத்துல கப்பல் ஏறி மலேயா ரப்பர் தோட்டத்துக்கு போனவரு, ஜப்பான்காரன் புடிச்சப்பறம் கடுதாசி நின்னுடுச்சு, சயாம், அதாவது இப்ப தாய்லாந்து, ரயில் ரோட்டுக்கு கொண்டு போயிட்டாங்கன்னு தப்பிச்சு வந்த ஒருத்தரு சொன்னதோட சரி. 1942-43ல போட்ட 415 கிலோமீட்டர் லைன் அது. அதுல செத்த வெள்ளைக்கார கைதிங்களுக்கு காஞ்சனபுரில பேர் வெட்டி வரிசையா கல்லறை இருக்கு, தமிழாளுங்க, பர்மாக்காரங்கன்னு செத்த ஆசியக் கூலிங்க அவங்கள விட பல மடங்கு, பெரும்பாலானவங்களுக்கு பேர் போட்ட கல்லு ஒண்ணு கூட கெடையாது. எங்களுக்கு திதியும் தெரியாது, அதனால வருசா வருசம் தை அமாவாசைக்கு வேதாரண்யம் கடல்ல தான் எள்ளும் தண்ணியும்.

அவரு நட்சத்திரம் மகம். மகத்துக்கு அதிதேவதையே பித்ருக்கள்ன்னு சொல்லுவாங்க. அது பூமிலேர்ந்து 79 ஒளியாண்டு தூரம், அப்ப இன்னிக்கு நம்ம கண்ணுல படுற வெளிச்சம் யுத்தம் முடிஞ்சு சுதந்திரம் வர்ற சமயத்துல கெளம்புனது, எங்க கொள்ளுப்பாட்டி நாகப்பட்டினம் போயி மலேயாவுலேர்ந்து திரும்புற ஆளுங்க மொகத்த ஒவ்வொண்ணா பாத்துட்டு வந்த காலம். இத சொன்னதும் அம்மாச்சி ரொம்ப நேரம் பைனாகுலர கீழ எறக்கல. "அப்ப எங்கம்மா நின்ன நாளு வெளிச்சமாய்யா இது"ன்னு கேட்டுச்சு, அப்புறம் தான் அவரு கால்ல ஆணி இருந்தத, வெத்தல போடாதத எல்லாம் சொன்னுச்சு, எங்கம்மாவுக்கே தெரியாத விசயம்.

சிலி நாட்டுல அட்டகாமா பாலைவனத்துல உலகத்துலயே பெரிய டெலஸ்கோப்புங்கள்ல சிலது நிக்கிற அதே மண்ணுல, 1973 ராணுவ ஆட்சில காணாம போனவங்கள கலாமா ஊரு பொம்பளைங்க மம்பட்டியோட வருசக்கணக்கா தோண்டித் தேடுனாங்க, எலும்புத் துண்டு கெடச்சாலும் போதும்னு. நமக்கு தேடிப் போக எடமும் தெரியல, சயாம் ரயில் ரோட்டுல செத்த தமிழாளுங்கள பத்தி நம்ம பள்ளிக்கூடத்துலயாவது ஒரு பாடம் வெச்சிருக்கணும், எனக்கு யாரும் சொல்லித் தரல.

வாங்குறவங்களுக்கு ஒண்ணு, வயசானவங்க மூக்குக் கண்ணாடியோட பாத்தா முழு வட்டமும் தெரியாது, கழட்டிட்டு நடு வீல சுத்தி ஃபோகஸ் பண்ணி குடுங்க. மகம் பாக்க பங்குனி, சித்திரை ராத்திரி நல்லது, அமாவாசைய ஒட்டி, தெருவுல எல்இடி லைட்டு மறையுற பக்கமா நாற்காலி போடுங்க. மாசி மகத்தன்னிக்கு நிலா பக்கத்துலயே இருக்கும், மகம் மங்கிப் போயிடும். அஞ்சுக்கு அஞ்சு தர்றேன்.